உங்க இஷ்டம்

எங்கள் காரியாலயத்துக்கு வருகிற தபாலில் ஒரு ரகம் உண்டு. உறையின் மேல் அனுப்பியவர் விலாசம் இராது. உள்ளே நாலு பக்கம், ஐந்து பக்கம் என்று நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்கும். "இதைப் பத்திரிகையில் போட வேண்டாம். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது, அதனால் எழுதினேன்" என்று முடியும். இப்போதெல்லாம் பாதிக்கு மேல் மின்னஞ்சலாகவே வருகிறது. அதிலும் பெயர் இராது. இரவு ஒரு மணிக்கு, இரண்டு மணிக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். மருமகள் எழுதுவாள்; மாமியாரும் எழுதுவாள். ரிடையர் ஆன கணவர் நாள் முழுவதும் சமையலறை வாசலிலேயே நின்று, ரசத்துக்கு இத்தனை உப்பா என்று கேட்கிறார், இதற்கு ஏதாவது வழி உண்டா என்று ஓர் அம்மாள் கேட்டிருந்தார்.

இந்தக் கடிதங்களைப் படித்துப் படித்து, குடும்ப விவகாரங்களில் நமக்குத் தெரியாதது இல்லை என்ற எண்ணம் எனக்குள் எப்படியோ குடியேறிவிட்டது. "மனம் விட்டுப் பேசுங்கள்" என்பதுதான் என் கைவசம் இருந்த ஒரே மருந்து. தலைவலிக்கும் அதுதான், திருகுவலிக்கும் அதுதான். யார் வந்து கேட்டாலும் அதையே பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். என் சொந்த வீட்டில் என் சொந்த அம்மா எட்டு மாதமாக மனம் விட்டு ஒரு வார்த்தை பேசவில்லை என்பது மட்டும் எனக்கு உறைக்கவே இல்லை.

அப்பா 2023 ஐப்பசியில் காலமானார். கும்பகோணத்தில் முப்பத்து நாலு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். காலையில் காபி சாப்பிட்டார், பேப்பரைப் பிரித்தார், மார்பை என்னவோ செய்கிறது என்றார்; அவ்வளவுதான். அண்ணன் நியூ ஜெர்ஸியிலிருந்து ஓடி வந்தான். அவனுக்கு இருபது நாள் லீவு. ஆகவே எங்கள் துக்கத்துக்கும் இருபது நாள்தான் கெடு. பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பதினேழாம் நாள் சித்தப்பா, மாமா, அண்ணன், நான் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து, அம்மாவை இவ்வளவு பெரிய வீட்டில் தனியாக விடக்கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினோம். அம்மா அப்போது சமையலறையில் இருந்தாள். மாமா எழுந்து போய் விஷயத்தைச் சொன்னார். திரும்பி வந்து, "அக்கா சரின்னுட்டா" என்றார்.

பதினெட்டாம் நாள் ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பை, அப்பாவின் படம் சகிதம் அம்மா மேற்கு மாம்பலத்தில் எங்கள் மூன்றாவது மாடி ஃபிளாட்டுக்கு வந்து சேர்ந்தாள். இரண்டு படுக்கை அறை. ஒன்று எங்களுக்கு. மற்றதில் பத்து வயதுப் பெண்ணின் கட்டிலுக்குப் பக்கத்தில் அம்மாவுக்கு ஒரு கட்டில் போட்டோம். "அம்மா பிரமாதமாக அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டுவிட்டாள்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து விளக்குப் போடாமல் ஹாலில் உட்கார்ந்திருப்பாள். வயதானால் தூக்கம் வராது என்று நினைத்துக்கொண்டேன். தேய்த்துக் கவிழ்த்த பாத்திரத்தை எடுத்து மறுபடியும் தேய்ப்பாள். சுத்தம் பார்க்கிறவள் என்று நினைத்துக்கொண்டேன். கும்பகோணத்துக்காரி காபியை விட்டுவிட்டாள். இந்த ஊர்த் தண்ணீரில் காபி சரியில்லை என்றாள், அதையும் நம்பினேன். கோயிலுக்குக் கூப்பிட்டால் முழங்கால் வலி. வாசல் மணி அடித்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஒரு நாள் ராத்திரி என் பெண் பல் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "அம்மா, பாட்டி இன்னும் எத்தனை நாளைக்கு என் ரூம்ல இருக்கட்டும்னு என்னைக் கேட்டாங்க. நான் என்ன சொல்லணும்?"

அன்று நான் தூங்கவில்லை.

மறுநாள் எங்கள் குடும்ப டாக்டரிடம் அழைத்துப் போனேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு எல்லாம் பார்த்தார். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. "இவங்க யாரிடமாவது உட்கார்ந்து பேசணும்" என்று சொல்லி, மதுரையிலிருக்கும் ஓர் ஆலோசகரின் விவரம் கொடுத்தார். மதுரைக்கா என்று விழித்தேன். "போக வேண்டாம். ஆன்லைன் கவுன்சலிங். வீடியோவில் பேசுவார்" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். "நான் என்ன பைத்தியமா?" என்றாள். தடவைக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் என்று கேள்விப்பட்டதும், "பேசறதுக்குக் காசா? காய்கறிக்காரி சும்மாவே அரை மணி பேசறா" என்றாள். இது நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் பட்டது.

ஆயிரத்து இருநூறு மிச்சம் பிடிக்கலாமே என்று, செல்போனில் கிடைத்த ஏதோ ஓர் ஆப்பை முதலில் முயன்று பார்த்தேன். பெயர் வேண்டாம். அது என்னை "ஹாய் ஃப்ரெண்ட்!" என்று வரவேற்றது. உங்கள் கவலையின் அளவு ஒன்று முதல் பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டது. ஏழு என்றேன். உடனே ஆறு மாதச் சந்தா கட்டினால் நாற்பது சதவிகிதம் தள்ளுபடி என்றது. ஆடித் தள்ளுபடி துணிக்கு உண்டு, பாத்திரத்துக்கு உண்டு, துக்கத்துக்கும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மறு வாரம் மதுரைக்கே பணம் கட்டினேன். அம்மாவுக்குப் பதில் நானே போய் ஆழம் பார்ப்பது என்று முடிவு.

எங்கே உட்கார்ந்து பேசுவது? நம் வீடுகளில் எல்லாம் இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் தனியாக உட்கார ஓர் இடம் மட்டும் இராது. பெண்பிள்ளை கதவைச் சாத்தினால் அடுத்த நிமிஷம் யாராவது தட்டுவார்கள். மொட்டை மாடியில் வெயில். கடைசியில் கீழே நிறுத்தியிருந்த காருக்குள் போய் உட்கார்ந்தேன். வாட்ச்மேன் இரண்டு தடவை வந்து கண்ணாடியைத் தட்டி, "பேட்டரி டவுனாம்மா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். ஆன்லைனில் இப்படிப் பேசுகிற பெண்களில் பலர் காரிலும் மாடிப்படியிலும், குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையிலும் உட்கார்ந்துதான் பேசுகிறார்களாம். ஆலோசகர் அம்மாள் பிற்பாடு சொன்னார்.

அந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். பின்னால் ஒரு புத்தக அலமாரி, ஒரு மண் கூஜா. முதலில் என் பெயர், அப்போது நான் இருக்கிற இடத்தின் முழு விலாசம், அவசரத்துக்குக் கூப்பிட அருகில் இருப்பவரின் டெலிபோன் நம்பர் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கிறதே என்று சிரித்தேன்.

"நான் மதுரையில் இருக்கிறேன். பேசிக்கொண்டிருக்கும்போதே உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் ஓடி வர முடியாது. யாரையாவது கூப்பிட வேண்டாமா?" என்றார். நாம் சொல்வது வெளியே போகாது என்றும், யாருடைய உயிருக்காவது ஆபத்து என்று தோன்றினால் மட்டும் அந்த விதி தளரும் என்றும் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். பட்டம் எங்கே வாங்கினார், யாரிடம் பயிற்சி பெற்றார் என்று நான் கேட்டேன். கேட்டதற்காக அவர் சந்தோஷப்பட்டார். நீங்களும் தயங்காமல் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

நாற்பது நிமிஷம் அம்மாவைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னேன். பாத்திரம், காபி, கோயில், மூன்றரை மணி, எல்லாம்.

"அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்களா?"

"தினம் கேட்கிறேன். என்ன சமைக்கட்டும், எங்கே போகலாம் என்று எல்லாம் கேட்கிறேன்."

"என்ன சொல்வார்கள்?"

"'உங்க இஷ்டம்' என்பாள்."

அந்த அம்மாள் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். இதில் குறித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

பத்திரிகைக்காரி புத்தி சும்மா இருக்குமா? இந்த வித்தை எப்போது தொடங்கியது என்று தேட ஆரம்பித்தேன். கொரோனாவில் ஊர் அடங்கிய 2020-இல்தான் இது பிறந்தது என்று நினைத்திருந்தேன். டாக்டர்கள் தூரத்திலிருந்து வைத்தியம் பார்ப்பதற்கான விதிமுறைகளை நம் அரசாங்கம் வெளியிட்டது அந்த வருஷம் மார்ச்சில்தான். ஆனால் விஷயம் அதைவிட மிகப் பழையது. அமெரிக்காவில் நெப்ராஸ்கா என்ற ராஜ்யத்தில் விட்சன் என்ற மனநல டாக்டர் 1959-லேயே இருவழி டெலிவிஷன் வைத்து, ஒரு கட்டடத்தில் இருந்தவர்களுடன் இன்னொரு கட்டடத்திலிருந்து பேசிச் சிகிச்சை கொடுத்திருக்கிறார். 1964-இல் 112 மைலுக்கு அப்பாலிருந்த ஓர் ஆஸ்பத்திரியை அதே மாதிரி இணைத்துவிட்டார்கள். எங்கள் தொழிலுக்கு நெருங்கிய சங்கதி ஒன்றும் அகப்பட்டது. 1986-இல் கார்னெல் சர்வகலாசாலையில் 'அங்கிள் எஸ்ரா' என்ற பெயரில் ஒரு கேள்வி பதில் பகுதியைக் கம்ப்யூட்டரில் தொடங்கியிருக்கிறார்கள். மாணவர்கள் பெயர் போடாமல் கேட்கலாம்; எஸ்ரா மாமா பதில் சொல்வார். எங்கள் மொட்டைக் கடிதக்காரர்களின் அமெரிக்கத் தாயாதிகள்!

இன்னொரு பழைய ஏடும் கிடைத்தது. ஹோம்ஸ், ராஹே என்று இரண்டு டாக்டர்கள் 1967-இல், வாழ்க்கையில் நேரிடும் 43 மாறுதல்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றும் மனிதனை எவ்வளவு உலுக்கும் என்று மார்க் கொடுத்திருக்கிறார்கள். விவாகரத்துக்கு 73. கல்யாணத்துக்கு 50. ரிடையர் ஆவதற்கு 45. சம்பந்தி வீட்டுத் தகராறுக்கு 29. இது நம் ஊருக்குப் போதாது. கணவனோ மனைவியோ இறந்து போவதற்கு முழுசாக 100. கணக்கு வாத்தியார் மகள் ஆயிற்றே, நான் உட்கார்ந்து கூட்டினேன். அப்பா போனதற்கு 100. வாழ்கிற சூழ்நிலை மாறியதற்கு 25. வீடு மாறியதற்கு 20. கோயில் குளம் போவது நின்றதற்கு 19. அக்கம்பக்கத்துப் பழக்கம் அற்றதற்கு 18. தூக்கம் மாறியதற்கு 16. சாப்பாடு மாறியதற்கு 15. ஆக 213. 150-ஐத் தாண்டினாலே உடம்பு ஜாக்கிரதை என்று அந்த டாக்டர்களின் அபிப்பிராயம். எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்துகிற பட்டியல்தான். அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் இதில் முதல் 100-ஐத் தவிர மற்ற 113-ஐயும் அம்மா தலையில் ஏற்றியவர்கள் நாங்கள்தான் என்பது அந்தக் காகிதத்தைப் பார்த்தபோது தெரிந்தது.

இதற்குள் கும்பகோணம் வீட்டுக்கு அண்ணன் ஆள் பிடித்துவிட்டான். வாரிசுச் சான்றிதழ் வாங்கியாயிற்று. ஐந்து லட்சம் முன்பணமும் வந்தாயிற்று. ஆவணியில் ரிஜிஸ்திரேஷன். அம்மா, அண்ணன், நான் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அவனைக் குறை சொல்வதற்கில்லை. மூத்த பையனுக்குக் காலேஜ் பணம் கட்ட வேண்டிய வருஷம். பூட்டிய வீடு சிதிலமாகிவிடும் என்று அவன் சொன்னதும் வாஸ்தவம். எனக்கும் ஆட்சேபணை இல்லை.

மூன்று பேருமாகச் சேர்ந்து ஒரு தடவை பேசலாமே என்று மதுரை அம்மாள் சொன்னார். "அம்மாவை ஏமாற்றி அழைத்து வராதீர்கள். உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று உள்ளதைச் சொல்லிக் கூப்பிடுங்கள்" என்றார். அப்படியே, "அம்மா, என்னால சமாளிக்க முடியலை. எனக்காக ஒரு நாள் வந்து உட்காரேன்" என்றேன். அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உனக்கு உதவும்னா வரேன்" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கு மாலை ஏழரை மணி. அண்ணனுக்கு அன்று காலை பத்து. மதுரைக்காரர் வீடு முழுவதையும் பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டு அம்மா ஹாலைக் கூட்டிப் பெருக்கி, முகம் கழுவி, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு லாப்டாப்புக்கு எதிரே உட்கார்ந்தாள். திரையில் அந்த அம்மாள் தோன்றியதும், "காபி சாப்பிட்டாச்சாம்மா?" என்று கேட்டாள். என் கணவரும் பெண்ணும் பனகல் பார்க்குக்கு நாடு கடத்தப்பட்டிருந்தார்கள். நான் அம்மா பக்கத்தில் உட்காரப் போனேன். கூடாது, வேறு அறைக்குப் போய் வேறு போனில் வாருங்கள் என்று உத்தரவு. ஆக, திரையில் நாலு கட்டம். ஹாலில் அம்மா, படுக்கை அறையில் நான், கடல் கடந்து அண்ணன், மதுரையில் அவர்.

எங்கள் வீட்டில் அண்ணன் பேச ஆரம்பித்தால் நிறுத்துகிற வல்லமை அப்பாவுக்கே இருந்ததில்லை. அன்றும் பத்து நிமிஷம் வெளுத்து வாங்கினான். வீட்டு வரி, கரையான், திருட்டுப் பயம், அம்மாவின் முழங்கால். நடுநடுவே நான். அம்மா வாயைத் திறக்கும்போதெல்லாம், "அதாவது அம்மா என்ன சொல்ல வராங்கன்னா" என்று இருவரில் ஒருவர் முந்திக்கொண்டோம். மதுரை அம்மாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் மைக்கை மூடிவிட வேண்டும் என்று சட்டம் போட்டார். பிறகு அண்ணனைக் கேட்டார்.

"வீட்டை விற்க அம்மாவுக்குச் சம்மதமா?"

"ஓ! அப்பவே சம்மதிச்சாச்சு."

"எந்த வார்த்தையில் சொன்னார்கள்? ஞாபகம் இருக்கிறதா?"

அண்ணன் யோசித்தான். "'உங்க இஷ்டம்'னாங்க."

என்னைக் கேட்டார். நானும் அதையேதான் சொல்ல வேண்டியிருந்தது. பதினேழாம் நாள் மாமாவிடமும் அம்மா சொன்னது அதுவாகத்தான் இருக்கும் என்று அப்போது பளிச்சென்று பட்டது. அதை மாமா "சரி" என்று மொழிபெயர்த்துக் கொண்டுவந்திருக்கிறார்.

"அம்மா, 'உங்க இஷ்டம்' என்று நீங்கள் சொன்னபோது உங்கள் இஷ்டம் என்னவாக இருந்தது?"

அம்மா பதில் சொல்லவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள். எனக்குப் பதில் தெரியும் என்று தோன்றியது, சொல்லிவிட வாயைத் திறந்தேன், மைக் மூடியிருந்தது. மணியைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டாவதும் ஓடிக்கொண்டிருந்தது. நேரில் என்றால் அந்த இரண்டு நிமிஷத்தை எங்கள் குடும்பத்தில் யாரும் அம்மாவுக்கு விட்டுக் கொடுத்திருக்க மாட்டோம். அண்ணனோ தன் மைக் மூடியிருப்பதையே மறந்து, கையை ஆட்டி ஆட்டி என்னவோ பேசிக்கொண்டிருந்தான். சத்தமே இல்லாமல் வாய் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. அப்புறம் சொன்னாள்.

"கதவை நான் பூட்டலைம்மா."

எங்களுக்கு விளங்கவில்லை.

"நாப்பத்தோரு வருஷமா அந்த வீட்டுக் கதவை நான்தான் பூட்டுவேன். அவருக்குப் பூட்டத் தெரியாது. பூட்டிட்டு வந்து மறுபடியும் போய் இழுத்துப் பாப்பாரு. சாவி என் இடுப்பிலேதான் இருக்கும். அன்னிக்கு என்னைக் கார்ல உட்கார வெச்சிட்டாங்க. தம்பி போய்ப் பூட்டினான். அந்தச் சத்தம் கார்ல இருந்தே எனக்குக் கேட்டுது. பரண் கீழே மாவடு ஜாடி அப்படியே இருக்கு. கிளறி விடலைன்னா பூஞ்சை பிடிச்சிடும். யார்கிட்ட சொல்றது? அவங்க அவசரம் அவங்களுக்கு."

"அங்கேயே இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களா?"

"இல்லைம்மா. ராத்திரியிலே தனியா இருக்க எனக்குப் பயம்தான். ஆனா ஒரு தடவை போய், அந்த வீட்டிலே அவர் இல்லைங்கிறதை நான் பாக்கணும். இங்கே உட்கார்ந்திருந்தா, அவரை அங்கே தனியா விட்டுட்டு வந்த மாதிரியே இருக்கு. சாப்பாட்டுத் தட்டைப் பாத்தா, அவர் அங்கே என்ன சாப்பிட்டாரோன்னு தோணுது. பைத்தியம்னு நினைப்பாங்கன்னுதான் சொல்லலை."

அண்ணனின் கட்டம் சட்டென்று கறுத்துப் போயிற்று. காமிராவை மூடிவிட்டான். அந்தக் கறுப்பின் நடுவே அவன் பெயர் மட்டும் வெள்ளை எழுத்தில் நின்றது. மதுரை அம்மாள் ஒன்றும் சொல்லாமல் அது மறுபடி வெளிச்சமாகிறவரைக்கும் காத்திருந்தார்.

அதோடு எல்லாம் சுபம் என்று எழுத ஆசைதான். நடந்தது அப்படி இல்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வாங்க வந்தவர் கோபப்பட்டார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. மேலே ஐம்பதாயிரம் கொடுத்து, அண்ணனும் நானும் பாதிப் பாதி ஏற்றுக்கொண்டோம். அண்ணன் பையனுக்காகக் கடன் வாங்கினான். மூன்று வாரம் எனக்குப் போன் பண்ணவில்லை. நான் கிளப்பிய வினை இது என்று அவனுக்கு வருத்தம். அப்புறம் அவனே தனியாக அந்த மதுரை அம்மாளுடன் இரண்டு தடவை பேசினான் என்று கேள்விப்பட்டேன். என்ன பேசினான் என்று கேட்கவில்லை.

ஆடியில் நான் லீவு எடுத்துக்கொண்டு அம்மாவைக் கும்பகோணத்துக்கு அழைத்துப் போனேன். சாவியை அவளே போட்டுத் திறந்தாள். மாவடு நினைத்தபடியே கெட்டுப் போயிருந்தது. கொல்லையில் கொட்டிவிட்டு, ஜாடியைக் கழுவி முற்றத்து வெயிலில் கவிழ்த்தாள். அதற்குப் பிறகு ஒவ்வோர் அறையாகப் போய் நின்றாள். நான் கூடப் போகவில்லை. சாயங்காலம் மகாமகக் குளத்தங்கரைப் பக்கம் நடந்துவிட்டு வந்து, "காபி போடு" என்றாள். ஐப்பசியில் அப்பாவின் தலைத் திவசம் அந்த வீட்டிலேயே நடந்தது. இப்போது முன்கட்டில் ஒரு பாங்கு உத்தியோகஸ்தர் குடும்பம் குடியிருக்கிறது. பின்கட்டு அம்மாவுக்கு. இரண்டு மாதம் அங்கே, நாலு மாதம் இங்கே என்று அவளே ஒரு கணக்கு வைத்துக்கொண்டு போய் வருகிறாள். திரும்பும்போது கதவை அவள்தான் பூட்டுகிறாள்.

இதையெல்லாம் எழுதுவதால், வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் லாப்டாப்பைத் திறந்துவிடலாம் என்று சொல்ல வரவில்லை. இது எதற்கு உதவாது என்று மதுரை அம்மாளையே கேட்டேன். அடிக்கிற கணவனும் அடி வாங்குகிறவளும் ஒரே வீட்டில் இருக்க, அவன் கதவுக்கு அப்பால் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால், அவள் திரையில் சொல்கிற உண்மையே அவளுக்கு ஆபத்தாகிவிடும் என்றார். அப்படிப்பட்டவர்களுக்குப் பெண்கள் உதவிக்கான 181 உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறவர்கள் அடுத்த வாரத்து அப்பாயின்ட்மென்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. 14416 என்ற நம்பரை எந்த நேரத்திலும் கூப்பிடலாம். 2022 அக்டோபரில் 'டெலி மானஸ்' என்று மத்திய அரசாங்கம் ஆரம்பித்தது. காசு கிடையாது, தமிழில் பேசலாம். ஆயிரத்து இருநூறு ரூபாய் கொடுக்க முடியாதவர்களும் முதலில் அங்கே பேசிப் பார்க்கலாம். வயதானவர்களுக்கென்று 14567 இருக்கிறது. இந்த மூன்று நம்பர்களையும் எங்கள் காலண்டரின் ஓரத்தில், காஸ் நம்பருக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறேன். நம் வீட்டுக்கு வேண்டியிராது என்று நினைத்துத்தான் எல்லோரும் எழுதி வைக்காமல் இருக்கிறோம்.

இப்போது கம்ப்யூட்டரே பேசுகிறது. அதனிடமே கேட்டால் போதாதா என்றும் சிலர் எழுதுகிறார்கள். என் தங்கை முறையில் ஒரு பெண் தினமும் ராத்திரி அதனிடம்தான் குறை சொல்லிக்கொள்கிறாள். அது எப்போதும் அவள் பக்கமே பேசுகிறதாம். அதனால் ரொம்பப் பிடித்திருக்கிறதாம். 1966-லேயே அமெரிக்காவில் வைஸன்பாம் என்ற பேராசிரியர் 'எலிஸா' என்று, நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் ஒரு கம்ப்யூட்டர் வித்தை செய்திருக்கிறார். அது வெறும் வித்தை என்று தெரிந்த அவருடைய சொந்தக் காரியதரிசியே அதனுடன் கொஞ்சம் பேசிவிட்டு, நீங்கள் வெளியே போங்கள், தனியாகப் பேச வேண்டும் என்று அவரைச் சொன்னாளாம். மனிதர்களுக்குத் தனியாகப் பேச எவ்வளவு தாகம், பாருங்கள். ஆனால் இப்போதைய இயந்திரம் அன்று எங்கள் நால்வர் நடுவே இருந்திருந்தால், அண்ணனுக்கும் எனக்கும் விளக்கமாகப் பதில் சொல்லியிருக்கும். வாய் திறக்காத அம்மாவிடம் என்ன கேட்டிருக்கும் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

எங்கள் வீட்டில் வியாழக்கிழமை நாலு மணி இப்போது அம்மாவுடைய நேரம். மாதம் ஒரு தடவை மதுரையுடன் பேசுகிறாள். ஆயிரத்து இருநூறு ரூபாயைத் தன் குடும்பப் பென்ஷனிலிருந்து அவளே கொடுக்கிறாள். முதல் முதல் லாப்டாப்பைத் திறந்து வைத்துக் காமிராவைச் சரி பண்ணிவிட்டு, வழக்கம்போல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். "நீ எதுக்கு?" என்றாள்.

போன வாரமும் அப்படித்தான். நான் வெளியே வரும்போது, "கதவைச் சாத்திட்டுப் போ. பால்கனியிலே துணி காயுது, எடுத்து மடி" என்றாள். துணியை எடுத்தேன், மடித்தேன், எல்லாம் ஆயிற்று. மூடிய கதவுக்கு அப்பாலிருந்து அம்மா ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. என்னைப் பற்றித்தான் இருக்க வேண்டும். மடித்த துணியையே ஒரு தடவை உதறி மறுபடியும் மடிக்க ஆரம்பித்தேன்.